கடைவாய்ப் பல்லுக்கு ஒரு பொன்னுருக்கு

என் பிள்ளைக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீ சுகமில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் விசாரிக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் தபாற்காரன் உன் கடிதத்தைத் தந்துவிட்டுப் போனான். மலாயா றெயில்வேயில் வேலை உறுதியாகிவிட்டது, பினாங்குக்குக் கப்பல் ரிக்கற் எடுத்தாகிவிட்டது, பொங்கலுக்கு மறுநாள் பயணம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். வாசித்துக்கொண்டே வந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில், போகிற போக்கில், "பல் நோவு தானாகவே நின்றுவிட்டது அம்மா, இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்று ஒரு வரி. என்னை ஆறுதல்படுத்தத்தான் எழுதினாய், அது விளங்குகிறது. ஆனால் நான் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணம் வந்து, பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது.

தெமட்டகொடையில் உன் கூட்டாளிமாரோடு வீடெடுத்து, கூட்டாகச் சமைத்துச் சமறி நடத்துகிறீர்களே, அங்கே என்ன சமைத்து என்ன கடித்தாயோ, கார்த்திகை விளக்கீட்டுக்கு இங்கே வெள்ளவத்தைக்கு வந்தபோது கடைவாய்ப் பல்லில் பாதி இல்லை. ஒரு பக்கத்தாலேயே சாப்பிட்டாய். நான் கேட்டதற்கு "சின்ன உடைவுதான்" என்றாய். பல் டொக்டரிடம் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு, பல்லைப் பிடுங்கத் தேவையில்லை, ஆனால் மேலே பொன்னால் ஒரு மூடி போட வேண்டும், அவர்கள் பாஷையில் கிறவுண், அதைச் சுணக்காமல் செய்ய வேண்டும் என்றார். நீ தலையாட்டினாய். வீட்டுக்கு வந்ததும் அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "மார்கழி வருகுது தம்பி, பீடை மாசம். புதுப் பொன் உடம்பிலை ஏறக் கூடாது. தை பிறக்கட்டும்" என்றார். அதற்கும் தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலைத்தான் நான் கவனித்தேன். அப்பா சொல்வது எதையும் இவ்வளவு கெதியாக நீ கேட்டதில்லை. சட்டம் படி என்றார், கேட்கவில்லை. மீசையை வழி என்றார், கேட்கவில்லை. இதை மட்டும் கேட்டாய். உனக்குப் பயம், ராசா. அப்பாவின் பஞ்சாங்கம் உனக்குத் தப்பிக்க நல்ல சாட்டாகப் போய்விட்டது.

ஏன் இந்தக் கிழவி இப்படிப் பதறுகிறாள் என்று கேட்பாய். உனக்கு ஒரு தாய்மாமன் இருந்தான், தியாகு. என் தம்பி. நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில், நான் கலியாணம் முடித்த புதிதில், எங்களோடுதான் இருந்தான். புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை. வாய் ஓயாது கதைப்பான். கடைக்கு வருகிற சிங்களப் பெண்களோடு சிங்களத்திலும், செட்டியார்மாரோடு அவர்கள் தமிழிலும் கதைத்து எல்லாரையும் சிரிக்க வைப்பான். அவனுக்குக் கீழ்த்தாடையில் ஒரு பல் சூத்தை. கிராம்பெண்ணெய் விட்டான், உப்புத் தண்ணீர் கொப்பளித்தான், டொக்டரிடம் மட்டும் போகவில்லை. நோவில் தலையைச் சுவரில் மோதினான், அதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு ஒரு நாள் காலையில் சிரித்துக்கொண்டு எழும்பி வந்தான். "அக்கா, நோ பறந்திட்டுது! இனி அந்த டொக்டரிட்டை ஆர் போறது? பிட்டும் பொரிச்ச மீனும் வை" என்றான். வைத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டான். எனக்கும் நிம்மதி. பல்லின் நரம்பு செத்துப் போனால் நோவு நிற்கும், ஆனால் கீழே சீழ் பிடித்துக்கொண்டே இருக்கும் என்று எங்களுக்கு அப்போது சொல்ல ஆரிருந்தார்கள்?

பிறகு அவனுக்குத் தாடையின் கீழே வீங்கியது. மரக்கட்டை போல இறுகிய வீக்கம். நாக்கை மேலே தள்ளிக்கொண்டு வந்தது. சொந்த எச்சிலை அவனால் விழுங்க முடியவில்லை, தகரப் பேணியைப் பக்கத்தில் வைத்துத் துப்பிக்கொண்டிருந்தான். "தொண்டையிலை ஏதோ அடைக்குது அக்கா" என்றான், குரல் வேறு ஆருடையதோ போல இருந்தது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனோம். கழுத்தில் வெட்டி விட்டுப் பார்த்தார்கள். பிந்திவிட்டது. மூச்சு விட இடமில்லாமல் போய்விட்டான். கடைசியாக என் கையை எழுதுகிறவன் போல விரலால் கீறிக்கொண்டிருந்தான், என்ன சொல்ல வந்தான் என்று எனக்கு விளங்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம், "பல்லாலையும் ஆக்கள் சாகிறவையே?" என்று எனக்குப் பக்கத்தில் இருந்தே கதைத்தது. எனக்கு அவர்கள் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது.

இதை உனக்கு நான் சொன்னதில்லை. காய்ச்சலில் போனான் என்றுதான் சொல்லி வளர்த்தேன். சொன்னால் நீ ஒவ்வொரு பல் ஆடும்போதும் பயப்படுவாய் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், நீ சரியான இடத்தில் பயப்படாமல் பிழையான இடத்தில் பயப்படுகிறாய். டொக்டரின் கதிரைக்குப் பயப்படுகிறாய். நான் அந்தக் கதிரையில் இருந்தவள். அதையும் சொல்லிவிடுகிறேன், கேள்.

நீ கைக்குழந்தை. முருகனின் ஆடிவேல் திருவிழா பார்க்க உன்னைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு போனேன். சனம் என்றால் அப்படி ஒரு சனம். வீதியோரக் கடையில் அப்பா ஆசையாகக் கச்சான் அல்வா வாங்கித் தந்தார். பெயர்தான் அல்வா, கடலையும் சீனிப்பாகும் இறுகிக் கல்லாகக் கிடந்தது. கடித்தேன், கடைவாயில் டக்கென்று ஒரு சத்தம். கடலை என்று நினைத்துத் துப்பினேன். என் பல். ஏற்கெனவே சூத்தை விழுந்து உள்ளே வெறுங்கோறையாக இருந்திருக்கிறது, பாதி கழன்று கையில் வந்துவிட்டது. உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தச் சனத்துக்குள் நின்று, தியாகுவை நினைத்து, நான் சத்தம் போட்டு அழுதேன். சாமி வருகிறது, பக்தியில் அழுகிறாள் என்று பார்த்தவர்கள் கும்பிட்டார்கள்.

அடுத்த நாளே கொட்டாஞ்சேனையில் ஒரு பறங்கி டொக்டரிடம் போனோம். பெரிய உடம்பு, சுருட்டு மணக்கிற கை. பார்த்தார், கழுவினார், ஏதோ ஒரு மருந்தை வைத்து அடைத்தார். "இது சும்மா அடைப்பு. அடுத்த கிழமை வா. கோல்ட் கிறவுண் போடுவம். ஒரு பவுண் கொண்டு வா, நான் உருக்கித் தகடாக்கிறன்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா நாட்களை விரல்விட்டு எண்ணினார். உருக்கிறன் என்ற சொல் அவருக்குள் போய்விட்டது. நம் ஆட்களுக்குப் பொன் உருக்குவது என்றால் லேசான காரியமா? தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்த்து, நேரம் பார்த்து, நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்தல்லவா செய்கிறோம். பெண்டாட்டியின் உடம்பில் ஏறப்போகிற பொன்னை ஆடி மாதத்தில் உருக்குவதா? மூதேவியைத் தேடிப் போய் அழைப்பதற்குச் சமன் என்று அவருக்குப் பட்டது. பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடமே போனார். நானும் கூடப் போனேன்.

"டொக்டர், இது ஆடி மாசம். ஆவணி பிறந்து முதல் நல்ல நாளிலை வைப்பம்" என்றார் அப்பா.

டொக்டர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "மிஸ்டர், பல்லுக்கு ஆடி ஆவணி தெரியாது."

"எங்களுக்குத் தெரியும்தானே."

"ஐயோ, அப்ப உன் பொம்பிளைக்கு வீங்கினா என்னட்டை வராதே" என்று டொக்டர் கத்தினார். அப்பா மரியாதையாக எழும்பி, கும்பிட்டுவிட்டு வந்தார். நானும் பின்னால் வந்தேன். அப்போது வாயைத் திறந்து, வேண்டாம், இப்பவே செய்வோம் என்று சொல்லியிருக்கலாம். தியாகுவைப் பார்த்தவள் நான். ஆனால் அந்த அறையில் காலால் மிதித்துச் சுற்றுகிற ஒரு மெசின் நின்றது, தையல் மெசின் போல, நுனியில் ஊசிக்குப் பதிலாக முள்ளு வைத்த குமிழ். அதைக் கண்டதிலிருந்து என் கண் வாசற்கதவிலேயே இருந்தது. ஆடி மாதம் எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. இப்போது உனக்கு மார்கழி நல்லதாகப் படுவதைப் போல.

அடைப்பு விழுந்தது. நோவு வந்தது. உனக்குப் பால் கொடுக்கும்போது நீ என் கன்னத்தில் கை வைப்பாய், அதற்கே எனக்குக் கண் இருட்டும். பிறகு ஒரு விடியலில் நோவு நின்றுவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். "பாத்தீரே, வேல் தூக்கின முருகன் சும்மா விடுவானே!" என்று அவருக்கு முகம் எல்லாம் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால் நின்று தாடையின் கீழே தடவித் தடவிப் பார்ப்பேன். எச்சில் விழுங்கிப் பார்ப்பேன். ஒரு தடவை விழுங்கினால் போதாது, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு, இந்தப் பிள்ளை ஆரை அம்மா என்று கூப்பிடப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பயந்தும் நான் டொக்டரிடம் போகவில்லை. பயம் மனிசரை ஓட வைக்கும் என்பார்கள். என்னை அது இருந்த இடத்தில் கட்டிப் போட்டது.

அந்த நாட்களில்தான் உனக்கு முதற்பல் முளைத்தது. ஆவணி முதல் நல்ல நாளில் காலையில் உனக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவது, பின்னேரம் எனக்குப் பொன் உருக்கக் கொடுப்பது என்று அப்பா திட்டம் போட்டார். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நாளில் பல் என்று அவருக்குப் பெருமை வேறு. அன்று விடிந்தபோது என் முகத்தின் ஒரு பக்கம் இல்லை, அங்கே ஒரு வீக்கம்தான் இருந்தது. சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். கொழுக்கட்டை அவித்தேன், தேங்காயைப் பல்லுப் பல்லாக வெட்டி ஒவ்வொன்றிலும் குத்தினேன். உன்னை நடுவில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணியைப் பிடித்து, வந்தவர்கள் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். நீ கைதட்டிச் சிரித்தாய். எல்லாரும், "தாயும் ஒரு பிடி கொட்டட்டும்" என்றார்கள். நான் குனிந்தேன், சீலைத் தலைப்பு விலகியது.

பக்கத்து வீட்டு மேரி அக்கா அலறினாள். "என்ர மாதாவே! என்ன தங்கச்சி இது? வாயைத் திற பாப்பம்!"

திறக்க முடியவில்லை. ஒரு விரல்கூட உள்ளே போகாது. அப்போதுதான் அப்பா என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அவர் கையிலிருந்த தட்டம் விழுந்து கொழுக்கட்டை எல்லாம் உருண்டது. "தியாகுவுக்கு வந்த மாதிரி…" என்றார். உன்னை மேரி அக்காவின் கையில் கொடுத்தேன். நீ என்னிடம் தாவினாய், அவள் இழுத்துப் பிடித்தாள். றிக்‌ஷாவில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவேன்.

டொக்டர் எங்களைக் கண்டதும் ஒரு சொல் ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. ஏசினால் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். மரக்கட்டை ஒன்றைப் பற்களுக்கு நடுவில் செருகி மெல்ல மெல்ல வாயைத் திறந்தார். "வீக்கம் கன்னத்திலைதான், கீழை இறங்கேல்லை. இறங்கினா…" என்று அப்பாவைப் பார்த்தார். அப்பாவை வெளியே போகச் சொன்னார், அவர் போகவில்லை. என் கையைப் பிடிக்க இடமில்லை, டொக்டர் அந்தப் பக்கம். அதனால் கச்சேரி உத்தியோகத்துக்குப் போடுகிற கோட்டும் தலைப்பாகையுமாக அப்படியே தரையில் இருந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். மெசின் சுற்றத் தொடங்கியது. சத்தம் காதால் வரவில்லை, எலும்பால் வந்தது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன், வாய் திறந்தபடி இருந்ததால் அது பெயராக வரவில்லை. திடீரென்று ஏதோ உடைந்தது, கெட்ட நாற்றத்தோடு சீழ் வந்தது, அதோடு தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவ்வளவுதான். அந்தக் கதிரையில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் ஒரு மாதமாகப் பயந்து செத்தது, உலையில் அரிசி வேகும் நேரத்தில் முடிந்துவிட்டது.

பிறகு பல தடவை போய் மருந்து வைத்து, வேரைச் சுத்தம் பண்ணி, மெழுகில் அச்செடுத்து, அப்பாவின் பவுணை உருக்கித் தகடாக்கி, தொப்பி போலச் செய்து, சின்னச் சுத்தியலால் தட்டிப் பல்லின் மேல் ஏற்றினார். சொன்னால் நம்பமாட்டாய், அதில் நோவே இல்லை. நீ பயப்படுகிற அந்தக் கிறவுண் வேலை இருக்கிறதே, அது வெறும் தட்டான் வேலைதான். அதைத் தள்ளிப் போட்டால் வருவதுதான் யமன்.

அப்பாவில் கோபப்படாதே. அந்த நாளை அவர் மறந்துவிட்டார் என்றும் நினைக்காதே. ஆவணியில் நல்ல நாளில் டொக்டரிடம் போனபடியால்தான் நான் பிழைத்தேன் என்று அவர் இன்றைக்கும் முழுமனதாக நம்புகிறார். இருபது வருஷமாக நானும் மறுத்துச் சொல்லவில்லை. அவர் தரையில் இருந்து காலைப் பிடித்ததைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பயம் பஞ்சாங்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது, உன்னுடையது சிரிப்புக்குள். ஆனால் இப்போது நீ ஏறப்போவது கப்பல். நாலு பக்கமும் தண்ணீர். மேல்தட்டில் சனத்தோடு சனமாக நீ படுத்திருக்க, தாடையின் கீழே வீங்கினால் எந்த மேரி அக்கா கண்டு கத்துவாள்? எந்த றிக்‌ஷா வரும்? நேற்றிலிருந்து நான் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. தியாகுவின் முகம் இல்லை, உன் முகம்.

அதனால் நான் அப்பாவிடம் கேட்கவில்லை. இன்று காலை தனியாக ஸ்டேஷனில் கோச்சி ஏறி, கொட்டாஞ்சேனைக்குப் போய், உன்னைப் பார்த்த அதே டொக்டரிடம் சனிக்கிழமை காலைக்கு நேரம் கேட்டு வைத்துவிட்டேன். மார்கழி எல்லாம் பார்க்கவில்லை. பொன்னுக்கு என் காப்பில் ஒன்றைக் கொடுத்தேன். நீ வேலைக்கு லீவு போடு. கூட்டாளிமாரிடம் என்ன சொல்வாயோ சொல்லு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதுவதா விடுவதா என்று பேனையை மூன்று தரம் கீழே வைத்துவிட்டேன். நான் இரண்டு பேருக்கு நேரம் கேட்டிருக்கிறேன். என் கிறவுண் தேய்ந்து நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. ஐப்பசியிலிருந்து கடித்தால் பல் ஆடுகிறது, வாயில் ஒரு வாடை, பல்லைச் சுற்றி முரசுத் தசை தடித்திருக்கிறது. ஆருக்கும் சொல்லவில்லை. உன்னைப் பல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போன அன்று, பக்கத்துக் கதிரையில் என் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது நீ சிரிக்கலாம், ஏசலாம், எல்லாவற்றுக்கும் உனக்கு உரிமை இருக்கிறது. இவ்வளவு எழுதிய பிறகும் அந்த மெசினை நினைத்தால் என் கை தானாகக் கன்னத்தைப் பொத்துகிறது. இப்போது மின்சாரத்தில் சுற்றுகிறதாம், நோகாதாம். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

எனக்கு என்னைத் தெரியும். நீ வராவிட்டால் நான் டொக்டரின் வாசல் வாங்குப் பலகையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பேசாமல் எழும்பி வெள்ளவத்தைக்குத் திரும்பிவிடுவேன். நீ கப்பல் ஏறுவாய், நான் கையசைப்பேன், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு. ஆகவே வா, ராசா. முதலில் நீ கதிரையில் இரு, நான் வெளியே இருக்கிறேன். முடித்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்து, "ஒண்டுமில்லை அம்மா, நோகேல்லை, நீங்கள் போங்கோ" என்று சொல்லு. நொந்திருந்தாலும் அப்படியே சொல்லு. நான் நம்புவேன்.

உன் அம்மா